எலியின் மூக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

புகைப்பழக்கம் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஆய்வகத்தில் மாதக்கணக்கில் சிகரெட் புகையில் வைத்தும் எலிகளுக்கு நுரையீரல் புற்றுநோய் வரவில்லை என்கிறார் என் நண்பர். அப்புறம் எலியை வைத்து என்னதான் தெரிந்துகொள்கிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

நண்பர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதி எலியின் மூக்கில் இருக்கிறது.

எலி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. உள்ளே சுருள் சுருளாகத் தகடுகள். புகையில் உள்ளவற்றில் பெரும்பங்கு அங்கேயே படிந்துவிடும். நாமோ வாயால் இழுத்து நேராக நெஞ்சுக்குள் அனுப்புகிறோம். எலிக்கு அந்த ஆசையும் கிடையாது, பாவம்.

1980களில் அமெரிக்காவில் வெளியான ஃபார்மால்டிஹைடு ஆய்வைப் பாருங்கள். சிகரெட் புகையிலும் இருக்கும் எரிச்சலூட்டும் வாயு இது. காற்றில் பத்து லட்சத்துக்கு 14.3 பங்கு கலந்து இரண்டு ஆண்டுகள் சுவாசிக்கவிட்டார்கள். பெரிய எலிகளில் ஏறத்தாழ பாதிக்கு மூக்கில் புற்றுநோய். அதே காற்றிலிருந்த சுண்டெலிகளில் இரண்டே இரண்டுக்கு. காரணம், எரிச்சல் பட்டதும் சுண்டெலி மூச்சைக் குறைத்துக்கொள்கிறது. மூக்கில் படிவதும் குறைகிறது. பெரிய எலிக்கே 5.6 பங்கு மட்டும் கொடுத்தபோது அங்கும் இரண்டுக்குத்தான் வந்தது! காற்றில் எவ்வளவு என்பதைவிட, எந்த இடத்தில் எவ்வளவு படிந்தது என்பதே கணக்கு.

அதனால்தான் 1960களில் புற்றுநோய் ஆய்வாளர் சஃபியோட்டியின் குழுவினர் மூக்கையே தவிர்த்தார்கள். புகையிலைத் தாரில் உள்ள, புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீனை இரும்பு ஆக்சைடு தூளில் ஏற்றி, ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற சிறு பிராணிகளின் மூச்சுக்குழாயில் வாரம் ஒருமுறை நேரடியாக விட்டார்கள். மனிதர்களிடம் காண்பது போன்ற புற்றுநோய் மூச்சுக்கிளைகளில் வந்தது. இந்த முறையின் அருமை, நோயைப் பாதியில் பிடிக்கலாம் என்பது. சளியைத் தள்ளும் நுண்ணிழைகள் கொண்ட செல்கள் இருந்த இடத்தில் தோல் போலத் தட்டையான செல்கள் வருகின்றன, பிறகு அவை ஒழுங்கு கெடுகின்றன, அப்புறம்தான் கட்டி. மனிதனிடம் பல பத்தாண்டுகள் பிடிக்கும் இதை ஹாம்ஸ்டரிடம் சில மாதங்களில் படிப்படியாகப் பார்க்கலாம். மூச்சுக்குழாயில் ரசாயனத்தை ஊற்றுவது புகைப்பதாகுமா என்றால், ஆகாது. சரி, ஒரு கேள்விக்கு ஒரு பிராணி, அவ்வளவுதான்.

சிகரெட் கெடுதல் என்பதை எலி வந்து சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் 1950லேயே லண்டன் நோயாளிகளை வைத்துக் காட்டிவிட்டார்கள்.

நண்பரிடம் இதையும் சொல்லுங்கள்: மாதக்கணக்கு போதாது. 2004ல் வெளியான ஆய்வில் முப்பது மாதம் வரை, கிட்டத்தட்ட ஆயுள் முழுக்க, எலிகளைப் புகையில் வைத்தார்கள். பெண் எலிகளுக்கு நுரையீரலில் கட்டிகள் கூடின. மூக்கிலும்தான்.