பழைய பயோப்சி மெழுகுக் கட்டியில் ஒற்றைக் கல ஆய்வு செய்யலாமா? – பதில்

தம்பி, யாழ்ப்பாணத்தில் உங்களிடம் இருப்பது ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த சிறுநீரக பயோப்சித் திசுக் கட்டிகள் மட்டும் என்றால், ஒற்றைக் கல ஆய்வுக்கு (ஒவ்வொரு கலத்திலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று தனித்தனியே பார்ப்பதற்கு) உயிருள்ள கலங்களைப் பிரித்தெடுக்கும் வழமையான முறை சரிவராது. திசுவைப் பிரிக்காமல், எந்த இடத்தில் எந்த மரபணு இயங்குகிறது என்று பார்க்கும் இடஞ்சார் முறைக்குப் போங்கள். அப்படியொரு முறையான விசியத்தில் (Visium) மெழுகுக் கட்டிக்கென்றே புரோப் (குறித்த ஆர்.என்.ஏ.யில் போய் ஒட்டும் சிறு துண்டு) வகை இருக்கிறது. ஆனால் அதன் முதல் வகை ஸ்லைடில் ஆர்.என்.ஏ.யைப் பிடிக்கும் ஒரு புள்ளி 55 மைக்ரோமீட்டர் அகலம். அதற்குள் பல கலங்கள் கலந்துவிடும். எந்தெந்தக் கலவகை என்று பிரித்தறிய, ஏற்கெனவே கலவகை தெரிந்த ஒற்றைக் கல ஒப்பீட்டுத் தரவு வேண்டும். அதற்குக் காசைக் கரைக்காதீர்கள், அமெரிக்காவின் கே.பி.எம்.பி. (KPMP) ஆய்வுத் திட்டத்தின் சிறுநீரக அட்லஸ் இணையத்தில் இலவசம். அதில் கலங்களின் கருக்களை (நியூக்ளியஸ்) மட்டும் பிரித்தெடுத்த தரவையும் வடிவாகப் பாருங்கள். முழுக் கலத் தரவில் கலன்கோளத்துப் பொடோசைட்டுகள் (இரத்தத்தை வடிகட்டும் பகுதியிலுள்ள ஒருவகைக் கலங்கள்) குறைவாகவே அகப்படும்.

அதற்கெல்லாம் முதல், ஆர்.என்.ஏ. தரத்தைச் சோதியுங்கள்: 200 நியூக்ளியோடைட்டுக்கு மேல் நீளமான துண்டுகள் எத்தனை வீதம்? எங்கள் வெக்கையில் வருடக்கணக்கில் கிடந்த கட்டியில் ஆர்.என்.ஏ. சிதைந்திருக்கலாம், சோதிக்காமல் அப்படியே வெளிநாட்டுக்கு ஆய்வுக்கு அனுப்பினால் காசுதான் போகும்.