பழைய அலாய் வீலில் என் காரின் போல்ட் ஏன் சரியாக உட்காரவில்லை?

பெரும்பாலும் காரணம் போல்டின் ‘சீட்’. அதாவது, தலைக்குக் கீழே வீலை அழுத்திப் பிடிக்கும் பகுதி. சில கார்களில் அது உருண்டையாக இருக்கும். தனியாக விற்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்புதான். புனலில் கோலிக்குண்டை வைத்தால் மெல்லிய வளையமாகத்தானே தொடும்? அப்படிப் பிடிக்கும் போல்ட் ஓட ஓடத் தளர்ந்துவிடும். ஆகவே சீட்டை வீலின் துளையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மரையின் அளவு மட்டும் காரின் ஹப்புக்கு, அதாவது வீலை மாட்டும் பகுதிக்கு, ஏற்றபடி இருக்கட்டும்.

அப்புறம் நீளம். அலாய் தடிமனாக இருந்தால் ஸ்டீல் வீலின் போல்ட் எட்டாது. 12 மி.மீ. விட்டமுள்ள போல்ட், 1.5 மி.மீ. மரை இடைவெளி என்றால் 8 சுற்றாவது ஏறினால் நிம்மதி. ரொம்ப நீண்டால் உள்ளே பிரேக்கில் இடிக்கும்.

"இன்னும் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடும்" என்பது தவறு: போல்ட்தான் இழுபடும், சீட் பொருந்தாது.