சிக்னல் அறுந்தால் ரோபோ என்ன செய்யும்?

கேள்வி: டவரே இல்லாத சுரங்கத்துக்குள் ரோபோக்கள் தங்களுக்குள் நெட்வொர்க் அமைத்துக்கொண்டு ஆள் தேடும் என்கிறான் என் மகன். எல்லாமே நகர்ந்துகொண்டிருக்கும்போது தொடர்பு எப்படி அறுந்துபோகாமல் இருக்கும்?
- ஒரு வாசகி, ஓசூர்

பதில்: மகன் சொல்வது உண்மைதான் அம்மா. பாறைக்கு அடியில் வயர்லெஸ் என்ன பாடுபடுத்தும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நிலக்கரிச் சுரங்கத்தில் தகவல் தொடர்புப் பிரிவில்தான் வேலை பார்த்தேன். நேர்ப்பாதையில் வாக்கிடாக்கி தெளிவாகக் கேட்கும். ஒரு திருப்பம் திரும்பினால் போச்சு. கைப்பிடியைச் சுற்றிப் பேசும் கம்பி டெலிபோனை நாங்கள் விடாமல் வைத்திருந்தது அதனால்தான்.

இப்படிப்பட்ட நிலத்தடி இடங்களில் ரோபோக்களை அனுப்பித் தேடவைக்கத்தான் அமெரிக்க ராணுவ ஆய்வு அமைப்பான தார்பா ஒரு பெரிய போட்டி நடத்தியது. இறுதிச்சுற்று 2021 செப்டம்பரில், கென்டக்கி மாநிலம் லூயிவில்லில், பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒன்றில். மனித பொம்மை, செல்போன், முதுகுப்பை என்று உள்ளே ஒளித்து வைத்தார்கள். 5 மீட்டர் பிசகுக்குள் இடத்தைச் சரியாகச் சொன்னால்தான் மதிப்பெண். ஒரு அணியின் அத்தனை ரோபோக்களையும் மேற்பார்க்க ஒரே ஒரு மனிதர்தான்.

ரோபோ முதுகில் சின்னச் சின்ன ரேடியோ பெட்டிகளைச் சுமந்துகொண்டு போகும். சிக்னல் தேய ஆரம்பிக்கும் இடத்திலோ திருப்பத்திலோ ஒன்றைக் கீழே போட்டுவிட்டு நடக்கும். செய்தி பெட்டிக்குப் பெட்டி தாவி வாசலுக்கு வரும். இதில் தலைமைப் பெட்டி என்று எதுவும் கிடையாது. ஒவ்வொன்றும் தன் காதுக்கு எட்டுவது யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். நடுவில் இருந்த ரோபோ நகர்ந்துவிட்டால் வேறு வழி பார்க்கும்.

இதற்குப் பின்னால் அழகான கணிதம் இருக்கிறது. யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்பதை வைத்து ஒரு எண்ணைக் கணக்கிடலாம். நெட்வொர்க் இரண்டாகப் பிளந்துவிட்டால் அந்த எண் பூஜ்யம். செக் கணிதவியலாளர் மிரோஸ்லாவ் ஃபீட்லர் 1973-ல் எழுதியது இது. பக்கத்தில் இருப்பவர்களோடு மட்டும் பேசியே அந்த எண்ணை ரோபோக்கள் தோராயமாகக் கண்டுபிடித்துக்கொள்ள முடியும். பூஜ்யத்தை நெருங்கினால், அடுத்த அடி எடுத்து வைக்காமல் நிற்கும்படி நிரல் எழுதலாம்.

ஆனால் தொடர்பே முக்கியம் என்று எல்லா ரோபோக்களும் நின்றுவிட்டால் தேடுவது யார்? எனக்கு மிகவும் பிடித்தது இங்கேதான் இருக்கிறது. நல்ல அணிகளின் ரோபோக்கள் சிக்னல் அறுந்த பிறகும் தாங்களாகவே உள்ளே போயின. கண்டதையெல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, சிக்னல் எட்டும் இடத்துக்குத் திரும்பி வந்து ஒப்படைத்தன. இதுதான் சரியான முடிவு என்பேன். இடிபாட்டில் சிக்கியவர் சிக்னல் கிடைக்கிற இடத்தில்தான் கிடப்பார் என்று யார் சொன்னது?

கடைசியில் செர்பரஸ் என்ற பன்னாட்டு அணியும் ஆஸ்திரேலிய அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வின் அணியும் ஆளுக்கு 23 புள்ளி. நேரக் கணக்கில் முந்திய செர்பரஸுக்கு 20 லட்சம் டாலர் பரிசு. அதன் நாலுகால் ரோபோக்களில் சில இப்படிப் பெட்டி போட்டுக்கொண்டு போனவைதான்.

மகனுக்கு ஆர்வம் இருந்தால் வைஃபை வசதியுள்ள ஈ.எஸ்.பி.32 என்ற சின்ன சர்க்யூட் போர்டு நான்கைந்து வாங்கிக் கொடுங்கள், விலை குறைவுதான். இப்படி ஒன்றுக்கொன்று செய்தி கடத்தும் 'மெஷ்' நிரலை ஏற்றி, மாடிப்படி நெடுக வைத்து, நடுவில் இருப்பதை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். செய்தி எந்த வழியில் சுற்றிக்கொண்டு வருகிறது என்று அவனே பார்க்கட்டும்.