ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்: எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?

கேள்வி: எனக்கு வயது 54. இடுப்புவலிக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'எல்4-எல்5 ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ், கிரேடு 1' என்று போட்டிருக்கிறது. வாயில் நுழையவே மாட்டேன் என்கிறது. வீட்டில் எல்லோரும் 'ஸ்பாண்டிலைட்டிஸ்தானே' என்கிறார்கள். இரண்டும் ஒன்றா டாக்டர்? எப்படிச் சொல்ல வேண்டும்?

பதில்: ஒன்றில்லை அம்மா. முன்பாதி ஒன்றுதான், நோய் இருப்பது பின்பாதியில். கிரேக்கத்தில் 'ஸ்பாண்டிலோஸ்' என்றால் முள்ளெலும்பு. அதோடு 'ஐட்டிஸ்' சேர்ந்தால் அழற்சி, 'ஓசிஸ்' சேர்ந்தால் தேய்மானம். கழுத்துவலியோடு வந்து 'எனக்கு ஸ்பாண்டிலைட்டிஸ்' என்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது ஸ்பாண்டிலோசிஸ்தான். உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது 'ஒலிஸ்தேசிஸ்', அதாவது வழுக்குதல். நான்காவது இடுப்பு முள்ளெலும்பு, ஐந்தாவதன் மேல் கொஞ்சம் முன்னே நகர்ந்திருக்கிறது.

ஆகவே ஸ்பாண்டில், ஒலிஸ்தேசிஸ் என்றுதான் பிரிக்க வேண்டும். டாக்டர்கள் நாங்களே சுருக்கமாக 'லிஸ்தெசிஸ்' என்போம். முதலெழுத்தைத் தின்றுவிட்டுப் பேசுகிறோம், யாரும் கேட்பதில்லை!

சொல்லும்போது ஆறு அசை: ஸ்பாண்-டி-லோ-லிஸ்-தீ-ஸிஸ். ஆங்கிலத்தில் பெரும்பாலும் அழுத்தம் ஐந்தாவது அசையான 'தீ'யில் விழும். கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் நெடில் இருப்பதுதான் காரணம். முதல் நான்கை வேகமாகக் கடந்து, 'தீ'யில் நின்று சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

இந்தப் பெயரை 1854இல் வைத்த கிலியன் எலும்பு மருத்துவர் அல்ல, ஜெர்மனியின் மகப்பேறு மருத்துவர். அதிகமாக நழுவிய முள்ளெலும்பு குழந்தை வரும் பாதையை அடைப்பதுதான் அன்றைய கவலை.

உங்களுக்கு அந்த அளவெல்லாம் இல்லை. கிரேடு 1 என்றால் கீழ் எலும்பின் முன்பின் அகலத்தில் கால் பங்குக்கு மேல் நகரவில்லை என்று அர்த்தம். உங்கள் வயதுப் பெண்களுக்கு எல்4-எல்5இல் இது தேய்மானத்தால் வருவது சகஜம். 'வழுக்குதல்' என்றதும், குனிந்தால் எலும்பு கழன்றுவிடுமோ என்று பயப்படாதீர்கள், அப்படி ஆகாது. வயிற்றுத் தசை, முதுகுத் தசைக்கான பயிற்சியும் தேவைப்பட்டால் வலிமாத்திரையுமே பலருக்குப் போதும். பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது ரிப்போர்ட்டையே காட்டிவிடுங்கள். 'ஸ்பாண்டிலைட்டிஸ்' என்று வாயால் சொல்லி அவரைக் குழப்ப வேண்டாம்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.