ஆல்ட் டேபுக்கு அப்பால்: விண்டோக்களைக் கீபோர்டால் கையாள்வது பற்றிக் கேள்வி பதில்

திரையில் குவியும் விண்டோக்களை மவுஸ் தொடாமல் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தவர்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். தனியாகச் சொல்லாத இடத்தில் எல்லாம் விண்டோஸ் 10 அல்லது 11 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'வின்' என்றால் கன்ட்ரோலுக்கும் ஆல்ட்டுக்கும் நடுவில் இருக்கும் நான்கு கட்டம் போட்ட கீ.

அண்ணா, ஆடிட்டர் ஆபீசில் வேலை. டேலி, எக்ஸெல், குரோம், மெயில், வாட்ஸ்அப் என்று எப்போதும் ஏழெட்டு திறந்திருக்கும். ஆல்ட் + டேப் தட்டித் தட்டியே பாதி நாள் போகிறது. வேறு வழி உண்டா? (ஈரோடு)

உண்டு, தம்பி. ஆல்ட் + டேப் விண்டோக்களை வரிசைப்படுத்துவது நீங்கள் கடைசியாக எதைத் தொட்டீர்கள் என்பதை வைத்து. அதனால் இரண்டு விண்டோக்களுக்கு இடையே போய் வர அதை அடிக்க ஆளில்லை. ஒரு தட்டு, அந்தப் பக்கம். இன்னொரு தட்டு, இந்தப் பக்கம். மூன்றாவது ஒன்று உள்ளே வந்தவுடன் வரிசை மாறிக்கொண்டே இருக்கும். டேலி இப்போது இரண்டாவது, அடுத்த நிமிடம் நான்காவது. ஒவ்வொரு முறையும் கண்ணால் தேடித்தான் ஆக வேண்டும். உங்கள் நேரம் போவது அந்தத் தேடலில்தான்.

தினமும் தேவைப்படும் நிரல்களை டாஸ்க்பாரில் நிலையாக ஒட்டி (பின் செய்து) வையுங்கள். முதல் ஐகான் 1, அடுத்தது 2, இப்படியே ஒன்பது வரை. பத்தாவதுக்கு 0. ஸ்டார்ட் பட்டன், தேடல் பெட்டி எல்லாம் கணக்கில் வராது. டேலி முதலில் இருந்தால் வின் + 1 அடித்தால் டேலி. திறக்காமல் இருந்தால் திறக்கும், திறந்திருந்தால் முன்னால் வரும். எக்ஸெலில் மூன்று ஃபைல் திறந்திருக்கிறதா? வின் கீயை விடாமல் பிடித்துக்கொண்டு 2-ஐத் திரும்பத் திரும்பத் தட்டினால் ஒவ்வொன்றாக வரும். கூடவே கன்ட்ரோலையும் சேர்த்தால் (வின் + கன்ட்ரோல் + 2) அந்த மூன்றில் கடைசியாகப் பார்த்த ஃபைலுக்கு நேராகப் போகும். ஷிஃப்டைச் சேர்த்தால் புதிதாக ஒன்று திறக்கும்.

ஒரே நிபந்தனை, ஐகான்களின் வரிசையை அப்புறம் மாற்றாதீர்கள். வரிசை நிலையாக இருந்தால் கண்ணுக்கு வேலை இல்லை, விரலே போய்ச் சேரும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு குறுக்குவழிதான் கற்பேன் என்பவருக்கு நான் சொல்லித்தருவது இதைத்தான்.

அதே எக்ஸெல் கேள்வி. இரண்டு ஃபைலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். மவுஸால் இழுத்து இழுத்துச் சரி செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. (சிவகாசி)

முதல் ஃபைலில் நின்று வின் + இடது அம்பு. அது இடப்பாதியில் ஒட்டிக்கொள்ளும், மற்ற விண்டோக்கள் வலப்பாதியில் சிறிய படங்களாக வரும். அம்பு கீயால் வேண்டியதைத் தேர்ந்து என்டர் தட்டினால் முடிந்தது. பாதியில் ஒட்டும் இந்த வசதி 2009-லேயே விண்டோஸ் 7-உடன் வந்தது, இன்னும் பலருக்குத் தெரியாது. பாதியில் ஒட்டிய பிறகு வின் + மேல் அம்பு அடித்தால் கால் பாகமாகும். விண்டோஸ் 11-ல் வின் + இசட் அடித்தால் பல அமைப்புகள் எண்ணோடு வரும். எண்ணைத் தட்டித் தேர்ந்துகொள்ளலாம்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்களிடம் இருப்பது 1366 x 768 திரை உள்ள லேப்டாப் என்றால் பாதி என்பது 683 பிக்சல்தான். எக்ஸெலின் மேல்பட்டையே பாதி இடத்தை விழுங்கிவிடும். கன்ட்ரோல் + எஃப்1 அடித்து அந்தப் பட்டையைச் சுருக்கிவிட்டு ஒப்பிடுங்கள். அந்தத் திரையில் நான்காகப் பிரிப்பதெல்லாம் வேலைக்கு ஆகாது.

சார், பள்ளியில் புரொஜெக்டரைக் கழற்றிய பிறகு பவர்பாயின்ட் விண்டோ காணாமல் போய்விட்டது. டாஸ்க்பாரில் இருக்கிறது, திரையில் இல்லை. கணினியை அணைத்துப் போட்டாலும் அதே கதை. (ஆசிரியை, புதுக்கோட்டை)

டீச்சர், அது இன்னும் புரொஜெக்டர் இருப்பதாக நினைத்துக்கொண்டு அந்தத் திரை இருந்த இடத்திலேயே நிற்கிறது. பெரும்பாலும் வின் + இடது அம்பு ஓரிரு முறை அடித்தாலே வீட்டுக்கு வந்துவிடும். வராவிட்டால் பழைய வைத்தியம் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

ஆல்ட் + டேபால் அந்த விண்டோவைத் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்குத் தெரியாது, பரவாயில்லை. ஆல்ட் + ஸ்பேஸ் அடியுங்கள். விண்டோவின் மெனு திறக்கும். அடுத்து எம் தட்டுங்கள், அது நகர்த்தும் கட்டளை. பிறகு ஏதாவது ஓர் அம்பு கீயை ஒரே ஒரு முறை தட்டுங்கள். அந்த ஒரு தட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது: அதன் பிறகு விண்டோ மவுஸ் முனையில் ஒட்டிக்கொள்ளும். மவுஸை அசைத்தால் ஓரத்திலிருந்து உள்ளே வரும். வந்ததும் ஒரு கிளிக், அங்கேயே நிற்கும். எம் வேலை செய்யவில்லை என்றால் விண்டோ முழுத்திரையாக இருக்கிறது என்று அர்த்தம். ஆல்ட் + ஸ்பேஸ், ஆர் அடித்து அதைச் சிறிதாக்கிவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

இது நடக்காமல் இருக்க, புரொஜெக்டர் வயரைப் பிடுங்கும் முன் வின் + பி (புரொஜெக்டரின் பி) அடித்துக் கணினித் திரை மட்டும் என்பதற்கு மாற்றிவிடுங்கள். இரண்டு மானிட்டர் நிரந்தரமாக வைத்திருப்பவர்களுக்கு வின் + ஷிஃப்ட் + இடது, வலது அம்புகள். விண்டோ அப்படியே பக்கத்து மானிட்டருக்குத் தாவும்.

வின் + டி, வின் + எம் இரண்டும் ஒன்றுதானே?

கிட்டத்தட்ட. டி (டெஸ்க்டாப்பின் டி) மறுபடி அடித்தால் எல்லாம் திரும்பி வரும். எம் அப்படியில்லை, திரும்பக் கொண்டுவர வின் + ஷிஃப்ட் + எம். நான் டி மட்டும்தான் பயன்படுத்துகிறேன். எம்-மைத் தனியாக நினைவில் வைக்கத் தேவையே வந்ததில்லை.

பையன் எதையோ தட்டித் திரை தலைகீழாகிவிட்டது! இரண்டு நாளாக மானிட்டரைத் திருப்பி வைத்து வேலை பார்க்கிறேன். (மதுரை)

கன்ட்ரோல் + ஆல்ட் + மேல் அம்பு. பழைய இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர்களில் கன்ட்ரோல் + ஆல்ட்டுடன் அம்பு அடித்தால் திரை அந்தத் திசைக்குச் சுழலும். அதில் வேலை நடக்காவிட்டால் டெஸ்க்டாப்பில் வலது கிளிக், டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அதில் ஓரியன்டேஷனை லேண்ட்ஸ்கேப் ஆக்குங்கள். மானிட்டரை முதலில் நேராக வையுங்கள், ஐயா.

வேர்டில் தமிழும் குரோமில் ஆங்கிலமும் அடிக்க வேண்டும். விண்டோ மாறும்போதெல்லாம் கீபோர்டையும் மாற்ற வேண்டியிருக்கிறது. மறந்துவிட்டால் கூகுளில் ஏதோ கிறுக்கலாக விழுகிறது. (மொழிபெயர்ப்பாளர், கோவை)

தமிழில் எழுதும் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. விண்டோஸ் 7 வரை ஒவ்வொரு விண்டோவும் தன் மொழியைத் தானே நினைவில் வைத்திருந்தது. விண்டோஸ் 8-ல் அதை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கிவிட்டார்கள். ஆனால் பழைய பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம்: செட்டிங்ஸ், டைம் அண்ட் லேங்குவேஜ், டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ். அங்கே ஒவ்வொரு ஆப் விண்டோவுக்கும் வெவ்வேறு உள்ளீட்டு முறை என்கிற பொருளில் ஒரு பெட்டி இருக்கும், டிக் செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் டைப்பிங் என்பது டிவைசஸ் என்ற தலைப்புக்குக் கீழே இருக்கும். இனி வேர்டு தமிழிலேயே நிற்கும், குரோம் ஆங்கிலத்திலேயே நிற்கும்.

அதே பக்கத்தில் மொழி மாற்றும் ஹாட் கீகளும் இருக்கின்றன. ஆல்ட் + ஷிஃப்ட் மொழியை மாற்றும் என்று இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். ஆல்ட் + ஷிஃப்ட் + டேப் (ஆல்ட் டேபின் பின்னோக்கிய நடை) அடிக்கப் போய் டேபைத் தவறவிட்டால் மொழி மாறிவிடுகிறது. மாற்ற வின் + ஸ்பேஸ் ஒன்று போதும். விண்டோஸிலேயே உள்ள தமிழ் விசைப்பலகைகளுக்குத்தான் இது பொருந்தும். தனியாக நிறுவிய எழுதியில் அடிப்பவர்கள் அந்த மென்பொருளின் சொந்த ஹாட் கீயைத்தான் பார்க்க வேண்டும்.

புதிதாக மேக் வாங்கினேன், அக்கா மகன் பெருமையாகப் பேசினான் என்று. கமாண்ட் + டேப் அடித்தால் ஆப் பெயர் மேலே வருகிறது, விண்டோ வரமாட்டேன் என்கிறது!

மேக்கில் கமாண்ட் + டேப் ஆப்களுக்கு இடையே மட்டும்தான் தாவும், விண்டோக்களுக்கு இடையே அல்ல. ஒரே ஆப்பின் விண்டோக்களை மாற்ற, கமாண்டுடன் டேபுக்கு நேர் மேலே உள்ள கீயைத் தட்டுங்கள். நீங்கள் கேட்ட சிக்கல் மினிமைஸ் செய்த விண்டோவுக்கு வருவது. கமாண்ட் + டேபால் ஆப்பில் வந்து நின்று, கமாண்டை விடுவதற்கு முன் ஆப்ஷனையும் பிடித்துக்கொண்டு விடுங்கள். விண்டோ எழுந்து வரும். இந்த விரல் வித்தை வேண்டாம் என்றால் மேக்கில் மினிமைஸ் செய்வதையே நிறுத்திவிட்டு கமாண்ட் + எச்-ஆல் ஆப்பை மறைத்துப் பழகுங்கள். மறைத்தது கமாண்ட் + டேபுக்கு உடனே வரும். பாதிப் பாதியாக ஒட்டும் வசதி மேக்கில் 2024-ல் வந்த சிகோயா பதிப்பில்தான் கீபோர்டுக்குக் கிடைத்தது: எஃப்என் + கன்ட்ரோல் + அம்பு.

லினக்ஸ், பழைய குட்டி லேப்டாப். சில பெட்டிகளில் ஓகே பட்டன் திரைக்குக் கீழே போய்விடுகிறது. (யாழ்ப்பாணம்)

க்னோம் டெஸ்க்டாப்பில் சூப்பர் கீயை (வின் கீக்கு லினக்ஸில் இதுதான் பெயர்) பிடித்துக்கொண்டு விண்டோவின் எந்த இடத்தையும் மவுஸால் பிடித்து மேலே இழுக்கலாம். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் சூப்பருக்குப் பதில் ஆல்ட். மவுஸே வேண்டாம் என்றால் ஆல்ட் + எஃப்7 அடித்து அம்புகளால் நகர்த்துங்கள். ஆல்ட் + எஃப்8 அளவை மாற்ற. தலைப்புப் பட்டை திரைக்கு வெளியே போனாலும் பரவாயில்லை, ஓகே பட்டன்தானே வேண்டும்.

என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துகிறேன். ஆல்ட் + டேப் அடித்தால் எட்ஜ் உலாவியின் டேப்களையும் ஒவ்வொன்றாக வாசிக்கிறது. விண்டோக்கள் மட்டும் போதும். (திருச்சி)

செட்டிங்ஸ், சிஸ்டம், மல்டிடாஸ்கிங். அங்கே ஆல்ட் + டேப் எதையெல்லாம் காட்ட வேண்டும் என்று ஒரு தேர்வு இருக்கும். டேப்கள் வேண்டாம், திறந்த விண்டோக்கள் மட்டும் என்று வையுங்கள். 2020 அக்டோபர் அப்டேட்டில் நுழைந்த வழக்கம் இது. பார்வையுள்ளவர்களிலும் பலருக்குப் பிடிக்கவில்லை. எந்த விண்டோவில் நிற்கிறோம் என்று சந்தேகம் வந்தால் என்விடிஏ கீ + டி (டைட்டிலின் டி) என்பது உங்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. உண்மையில் இந்த விஷயத்தில் எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியவர்கள் நீங்கள்தான்.

வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் ஆபீஸ் கணினி. ஆல்ட் + டேப் அடித்தால் என் லேப்டாப்பின் விண்டோ மாறுகிறது, அங்கே மாறுவதில்லை.

முழுத்திரையாக்குங்கள், கன்ட்ரோல் + ஆல்ட் + பிரேக். முழுத்திரையில் கீகள் அந்தப் பக்கம் போகும் என்பதுதான் வழக்கமான அமைப்பு. முழுத்திரை வேண்டாம் என்றால் அங்கே விண்டோ மாற்ற ஆல்ட் + பேஜ் அப். கன்ட்ரோல் + ஆல்ட் + டெலிட்டுக்குப் பதில் கன்ட்ரோல் + ஆல்ட் + எண்ட்.

என் கீபோர்டில் வின் கீ வேலை செய்யவில்லை, அண்ணே.

கேமிங் கீபோர்டா? ஆட்டத்துக்கு நடுவில் கை படக் கூடாதென்று அதைப் பூட்டும் வசதி வைத்திருப்பார்கள். பெரும்பாலும் எஃப்என்னோடு இன்னொரு கீ. கீ நிஜமாகவே செத்துப்போயிருந்தால் ஸ்டார்ட் மெனுவுக்கு கன்ட்ரோல் + எஸ்கேப் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மேனேஜர் பின்னால் வந்து நிற்கும்போது கிரிக்கெட் ஸ்கோரை மறைக்க எது வேகம்? வின் + டி அடித்தால் வெறும் டெஸ்க்டாப்பை முறைத்துக்கொண்டிருப்பது இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

சரியான கவலை. வேலை ஒரு டெஸ்க்டாப்பிலும் ஸ்கோர் இன்னொன்றிலும் இருக்கட்டும். வின் + கன்ட்ரோல் + டி புதிய டெஸ்க்டாப் திறக்கும் (இதுவும் டெஸ்க்டாப்பின் டி), அங்கே ஸ்கோரைத் திறந்துகொள்ளுங்கள். வின் + கன்ட்ரோல் + இடது அம்பு அடித்தால் எக்ஸெல் நிறைந்த திரை, வலது அம்பு அடித்தால் மறுபடி மேட்ச். நீங்கள் எதையும் மாற்றாதவரை டாஸ்க்பாரிலும் அந்தந்த டெஸ்க்டாப்பில் திறந்திருப்பதுதான் தெரியும். ஆனால் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்காது. ம்யூட்டை முதலில் அழுத்துங்கள்.