துணை முதல்வருக்கு என்ன அதிகாரம்?

கேள்வி: துணை முதல்வர் பதவிக்கு அரசியல் சட்டத்தில் இடமே இல்லையாமே? பிறகு எதற்கு அந்தப் பதவி?

பதில்: இடம் இல்லை என்பது உண்மைதான். 163, 164-ஆவது பிரிவுகள் முதல்வரையும் அமைச்சர்களையும் மட்டுமே சொல்கின்றன. அதற்காக அந்தப் பதவி சட்டவிரோதம் ஆகிவிடாது. 1989-இல் குடியரசுத் தலைவர் வெங்கட்ராமன் 'அமைச்சர்' என்று வாசிக்க, தேவிலால் 'துணைப் பிரதமர்' என்று சொல்லிப் பிரமாணம் எடுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரமாணம் செல்லும், ஆனால் அந்த அடைமொழியால் பிரதமரின் அதிகாரம் எதுவும் வந்துவிடாது என்பதே தீர்ப்பின் சாரம். துணை முதல்வர் நியமனங்களை எதிர்த்த மனுவை 2024 பிப்ரவரியில் தள்ளுபடி செய்தபோதும், அவர் முதலில் ஓர் அமைச்சர் என்றுதான் நீதிமன்றம் சொன்னது.

முதல்வர் இல்லாதபோது அதிகாரம் தானாகத் துணை முதல்வரிடம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. 1969-இல் அண்ணா மறைந்தபோதும், 1987-இல் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும் இடைக்கால முதல்வராகப் பொறுப்பேற்றவர் நெடுஞ்செழியன். தமிழ்நாட்டில் அப்போது துணை முதல்வர் என்று யாருமே கிடையாது; 2009-இல் மு.க. ஸ்டாலின்தான் முதலாமவர். 2016 அக்டோபரில் ஜெயலலிதா மருத்துவமனையில் இருந்தபோது, அவருடைய இலாகாக்களை ஓ. பன்னீர்செல்வத்திடம் ஆளுநர் ஒப்படைத்தார். அமைச்சரவைக் கூட்டத்துக்கும் பன்னீர்செல்வமே தலைமை தாங்கினார். அத்தனை பொறுப்பையும் சுமந்தபோது அவர் துணை முதல்வர் இல்லை. அந்தப் பட்டம் 2017 ஆகஸ்டில், அ.தி.மு.க.வின் இரண்டு அணிகளும் இணைந்த நாளில் வந்தது. எதற்காக வந்தது என்பதை அந்தத் தேதியே சொல்லிவிடுகிறது.

மகாராஷ்டிரத்தைப் பாருங்கள். ஐந்து ஆண்டுகள் முதல்வராக இருந்த பா.ஜ.க.வின் தேவேந்திர பட்னவிஸ், 2022-இல் சிவசேனாவின் ஓர் அணிக்குத் தலைவரான ஏக்நாத் ஷிண்டேயின் கீழ் துணை முதல்வரானார். ஆனாலும் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அவரிடம் உள்துறையும் நிதியும் இருந்தன; சட்டமன்றத்தில் ஷிண்டே அணியைவிடப் பெரிய கட்சி அவருடையது.

கூட்டணிக் கட்சிக்கு இப்படி ஒரு பதவி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆட்சி நிலைக்க வேண்டுமானால் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். என்னைக் கோபப்படுத்துவது, ஒரு சமூகத்தின் வாக்கை வாங்கிக்கொண்டு பதிலுக்கு வெறும் பட்டத்தை நீட்டுவது. 2019-இல் ஆந்திரத்தில் ஜெகன்மோகன் ரெட்டி ஐந்து துணை முதல்வர்களை நியமித்தார். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், காப்பு சமூகத்தினர் என்று பிரிவுக்கு ஒருவர். நிதித்துறையோ உள்துறையோ அந்த ஐவரில் ஒருவரிடமும் இல்லை. அந்தச் சமூகங்களை உண்மையாகவே மதித்திருந்தால், அந்த இரண்டில் ஒன்றையாவது அந்த ஐவரில் ஒருவரிடம் கொடுத்திருக்க வேண்டும்.