எஸ்டஸ் பார்க் சிவப்புப் பழம்: சாப்பிடலாமா, வளர்க்கலாமா?

கேள்வி: கொலராடோ மாநிலத்தில் டென்வரில் வசிக்கிறோம். ஆகஸ்டில் ராக்கி மலைத் தேசியப் பூங்காவை ஒட்டிய எஸ்டஸ் பார்க் ஊர்ப் பக்கம் மலைப்பாதையில் நடந்தபோது, பாறை ஓரமாக இடுப்பளவுப் புதர் ஒன்றில் சின்னச் சின்னச் சிவப்புப் பழங்கள். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒன்றைப் பறித்து வாயில் போட்டுவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன செடி? வீட்டில் வளர்க்கலாமா?

பதில்: படத்தில் இருப்பது வேக்ஸ் கர்ரன்ட். தாவரவியல் பெயர் ரைபீஸ் சீரியம். வட அமெரிக்காவின் மேற்கு மலைகளில், வெயில் நன்றாக விழும் வறண்ட சரிவுகளிலும் பாண்டரோசா பைன் காடுகளிலும் சாதாரணமாகக் கிடைப்பது. நஞ்சு கிடையாது, அம்மாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஆனாலும் ஊரில் களாக்காய் பறிக்கிற பழக்கத்தில் இங்கே எதையும் வாயில் போடக் கூடாது. பேன்பெர்ரி என்று ஒரு விஷச்செடி இதே மலைகளில் உண்டு. அதுவும் பளபளவென்று சிவப்பாகத்தான் பழுக்கும். அதனால் நிறத்தை நம்பாமல் பழத்தின் நுனியைப் பாருங்கள். கர்ரன்ட் பழத்தின் நுனியில் காய்ந்த பூ பழுப்பு நிற வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தச் செடியில் சூற்பை பூவின் மற்ற உறுப்புகளுக்குக் கீழே இருக்கிறது. சூற்பை பருத்துப் பழமாகும்போது பூ உதிராமல் மேலேயே காய்ந்து நின்றுவிடும். கொய்யாவின் நுனியில் இருக்கிற காய்ந்த இதழ்களும் இதே கதைதான். பேன்பெர்ரியில் இந்த வால் இருக்காது. தண்டும் கட்டையாக இல்லாமல் மென்மையாக இருக்கும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில்தான் வளரும்.

அப்புறம் கிளையைத் தடவிப் பாருங்கள். வேக்ஸ் கர்ரன்டில் முள் இல்லை. இலை வட்டமாக, ஓரத்தில் ஆழமில்லாத மடல்களோடு இருக்கும். கசக்கினால் விரலில் லேசாகப் பிசுபிசுக்கும், வாசனையும் வரும். முள் குத்தினால் அது இதே பேரினத்தின் வேறொரு சொந்தக்காரச் செடி. இன்னும் உயரத்தில், மரங்கள் முடிகிற எல்லையை ஒட்டி வளர்கிற ரைபீஸ் மான்டிஜீனம் அப்படிப்பட்டதுதான்.

ருசி? சப்பென்று இருக்கும், வாயெல்லாம் விதை. ஹோபி போன்ற பூர்வகுடி மக்கள் இதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அள்ளித் தின்றால் வயிறு கலங்கலாம். என்னைக் கேட்டால் பறவைகளுக்கும் சிப்மங்க் என்கிற குட்டி அணில்களுக்கும் விட்டுவிடலாம். இதைத் தோட்டத்தில் வைக்க நல்ல காரணம் பழம் அல்ல, பூ. வசந்தத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சிறு குழல்கள் தொங்கும், தேன்சிட்டு போன்ற ஹம்மிங்பேர்டுகள் தேடி வரும்.

வைப்பதற்கு முன் அக்கம்பக்கத்துப் பைன் மரங்களைப் பாருங்கள். ஒரு கொத்தில் ஐந்து ஊசி இலைகள் இருக்கிற பைன்களைக் கொல்லும் ஒரு துரு நோய் உண்டு. அந்தப் பூஞ்சை பைனிலிருந்து பைனுக்கு நேரே தாவாது, நடுவில் அதற்கு வேறொரு செடி வேண்டும், பெரும்பாலும் அது ரைபீஸ் பேரினச் செடிதான். இதற்குப் பயந்து அமெரிக்க அரசு கர்ரன்ட் பயிரிடவே ஒரு காலத்தில் தடை போட்டது. 1930களில் காடுகளில் ஆட்களை இறக்கி இந்தப் புதர்களை வேரோடு பிடுங்கவும் செய்தார்கள். கூட்டாட்சித் தடை 1966இல் நீங்கியது, ஆனால் சில மாநிலங்களில் இன்றும் கட்டுப்பாடு உண்டு. கொலராடோவில் இந்த நோய் 1998இல் லிம்பர் பைனில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே உங்கள் வீட்டருகே லிம்பர், பிரிஸில்கோன் போன்ற ஐந்தூசிப் பைன்கள் இருந்தால் வேண்டாம். பாண்டரோசாவுக்கு இந்த நோய் வராது. கோடையில் கர்ரன்ட் இலையின் அடியில் துரு நோயின் அடையாளமான ஆரஞ்சுத் தூள் தெரிகிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.

தேசியப் பூங்காவிலிருந்து விதையோ கன்றோ எடுத்து வருவது சட்டப்படி குற்றம். உள்ளூர்த் தாவர நர்சரியில் வாங்குங்கள். விதை கிடைத்தால் நவம்பருக்குள் வெளியே தொட்டியில் விதைத்து விடுங்கள். நான்கைந்து மாதம் குளிரில் கிடக்காமல் அது சரியாக முளைக்காது. கன்றை வெயிலில், நீர் தேங்காத மண்ணில் நட்டு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் பிறகு மழையும் பனியும் போதும்.